இன்னும் ஸ்ட்ராங்கான மாத்திரை வேண்டுமா? ஒரு மலச்சிக்கல் கடிதத்துக்குப் பதில்

எழுதியிருப்பவர் 43 வயதுப் பெண். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வந்த மலச்சிக்கல் பதினொரு வருடமாக இவரை விடவில்லை. முதலில், மூலிகைதானே என்று இரவில் ஒரு ஸ்பூன் சென்னா பொடி (நிலாவரை என்பார்களே, அதுதான்). ஒரு ஸ்பூன் இரண்டானது. அதுவும் போதாமல் இப்போது கூடவே இரண்டு பிசகோடில் மாத்திரை. ஒருநாள் இரவு எடுக்காவிட்டால் மறுநாள் போவதில்லை. அந்தப் பயத்தில் அடுத்த இரவு அளவைக் கூட்டிவிடுகிறார். வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது என்று எல்லா மாத்திரைகளையும் ஒரே டப்பாவில் கொட்டி, துணி அலமாரியில் வைத்திருக்கிறார்.

போன வருடம் கொலோனோஸ்கோப்பி எடுத்ததில் கட்டியோ புண்ணோ இல்லை. ஆனால் பெருங்குடலின் உட்புறம் கறுத்திருப்பதாக ரிப்போர்ட்டில் ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. அதற்கு முன்பே ஒரு டாக்டர் பாலிஎதிலீன் கிளைக்கால் பவுடர் கொடுத்திருந்தார். அரை சாஷே வீதம் மூன்று நாள் குடித்துப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிட்டார். சமீபத்தில் இன்னொரு டாக்டர் லினாக்ளோடைடு கேப்சூல் எழுதினார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பழைய மாத்திரைகளோடு சேர்த்து நான்கு நாள் எடுத்தார். தண்ணீராகப் போனது. நிறுத்திவிட்டார். ஒற்றைத் தலைவலிக்கு மூன்று வருடமாக அமிட்ரிப்டிலின், ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை என்பதும் நடுவில் ஒரு வரியில் வருகிறது.

கேள்விகள் நான்கு. "என் குடல் சோம்பேறி ஆகிவிட்டதா? அந்தக் கறுப்பு புற்றுநோயில் கொண்டுபோய் விடுமா? டாக்டர் எழுதும் மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுளுக்கும் விட முடியாதாமே? இதைவிட ஸ்ட்ராங்காக ஏதாவது இருக்கிறதா?"

எல்லாம் முடிந்த பிறகு, பின்குறிப்பாக இரண்டு வரி: "சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பல நாட்களில் பெண்ணுறுப்பின் பின்பக்கச் சுவரை விரலால் அழுத்திக்கொண்டால்தான் மலம் வெளியே வருகிறது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்தாலும் முழுசாகப் போன திருப்தி இல்லை."

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் சொன்ன வரிகள் அந்தப் பின்குறிப்பில்தான் இருக்கின்றன. இதை நீங்கள் பார்த்த டாக்டர்கள் யாரிடமும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் சிகிச்சை வேறு பக்கம் போயிருக்கும்.

கூச்சப்பட இதில் எதுவும் இல்லை. நாள்பட்ட மலச்சிக்கலை வரையறுக்க உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்தும் ரோம் அளவுகோலில் ஆறு அறிகுறிகள் உண்டு. வாரத்துக்கு மூன்று தடவைக்கும் குறைவாகப் போவது அதில் ஒன்றே ஒன்று. மற்றவை: முக்க வேண்டியிருப்பது, மலம் கட்டி கட்டியாக இறுகியிருப்பது, முழுசாகப் போகாத உணர்வு, வாசலில் எதுவோ அடைத்திருப்பது போன்ற உணர்வு, விரலின் உதவி தேவைப்படுவது. ஆம், நீங்கள் கடைசியில் தயங்கித் தயங்கி எழுதியது அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. அந்த அளவுக்கு இது பரவலான விஷயம்.

சிக்கல் எந்த இடத்தில்?

மலச்சிக்கல் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே நடப்பது எல்லோருக்கும் ஒன்றல்ல. சிலருக்குப் பெருங்குடல் மெதுவாக நகர்த்துகிறது. மலம் வந்து சேரவே நாளாகும். சிலருக்கு நகர்வு சரியாகவே இருக்கும், ஆனாலும் மலம் இறுகி, வயிறு உப்பி, சிரமப்படுவார்கள். மூன்றாவது வகையினருக்கு மலம் வாசல்வரை வந்துவிடுகிறது, வெளியேற்றுவதில்தான் தகராறு. முக்கும்போது தளர வேண்டிய இடுப்புத்தள தசைகளும் ஆசனவாய்ச் சுருக்குத்தசையும் தளராமல் இறுகிக்கொள்கின்றன. பிரசவம் ஆன சிலருக்கு மலக்குடலின் முன்சுவர் பெண்ணுறுப்பின் பக்கமாகப் புடைத்திருக்கும். முக்கும்போது மலம் கீழே இறங்காமல் அந்தப் பைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். விரலால் அழுத்தினால் அந்தப் பை தட்டையாகிறது, மலம் வருகிறது. நீங்களாகவே கண்டுபிடித்த அந்த உபாயம், சிக்கல் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகக் காட்டுகிறது.

பரிசோதிக்காமல் உங்களுக்கு இதுதான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மூன்றாவது வகை உங்களிடம் இருக்கிறது, அல்லது மற்றவற்றோடு கலந்திருக்கிறது என்றுதான் என் சந்தேகம் போகிறது. அப்படியானால், இதைவிட ஸ்ட்ராங்கான மாத்திரை எது என்ற தேடலே உங்களைத் தவறான இடத்துக்கு இழுத்துப் போகிறது. மலமிளக்கிகள் செய்வது இரண்டே வேலை: மலத்தை இளக்கும், அல்லது குடலைத் தள்ளச் சொல்லும். இறுகிய தசையைத் தளர்த்தும் சக்தி அவற்றுக்கு இல்லை. கதவைத் திறக்காமல் கூட்டத்தைப் பின்னாலிருந்து நெருக்கித் தள்ளுவது மாதிரிதான். மலம் தண்ணீராகவே ஆனால் எப்படியோ கசிந்து வெளியேறும். அதனால்தான் அளவு கூடக்கூட "வேலை செய்கிறது" என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கும் முதல் பரிசோதனைக்கு இயந்திரம் எதுவும் வேண்டாம். கையுறை அணிந்த விரலை ஆசனவாயில் வைத்து, மலம் கழிப்பதுபோல முக்கச் சொல்லிப் பார்ப்பது, அவ்வளவுதான். தசை தளர்கிறதா, இறுகுகிறதா என்பது அனுபவமுள்ள டாக்டரின் விரலுக்குத் தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை. ஆனால் பரபரப்பான கிளினிக்குகளில் அடிக்கடி விட்டுப்போவதும் இதுதான். நோயாளிக்கும் கூச்சம், டாக்டருக்கும் நேரமில்லை, மருந்துச்சீட்டு எழுதுவது சுலபம். நீங்களே கேட்டு வாங்குங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்றோ, பரிசோதனையின்போது கூட ஒரு பெண் ஊழியர் இருக்க வேண்டும் என்றோ கேட்பது உங்கள் உரிமை. நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் நிறுத்தச் சொல்லலாம்.

அதில் சந்தேகம் வலுத்தால் இரண்டு பரிசோதனைகள் இருக்கின்றன. ஒன்று, மலக்குடலுக்குள் சின்னப் பலூனை வைத்து, அதில் சுமார் 50 மில்லி தண்ணீர் நிரப்பி, கழிப்பறையில் தனியாக உட்கார்ந்து அதை வெளியேற்றச் சொல்வது. பெரும்பாலானவர்கள் ஒரு நிமிடத்துக்குள் வெளியேற்றிவிடுவார்கள். இன்னொன்று, ஆசனவாய் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி. இரண்டுக்கும் மயக்க மருந்து தேவையில்லை. வலியும் பெரிதாக இருக்காது. அசௌகரியம் இருக்கும், அதை மறைக்க மாட்டேன்.

தசைதான் ஒத்துழைக்கவில்லை என்று உறுதியானால், அதற்கான சிகிச்சை பயோஃபீட்பேக் எனும் பயிற்சி. ஒரு சின்ன உணர்கருவி உங்கள் தசையின் இறுக்கத்தைத் திரையில் கோடாகக் காட்டும். முக்கும்போது கோடு மேலே ஏறினால் இறுக்குகிறீர்கள், கீழே இறங்கினால் தளர்த்துகிறீர்கள். அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்து, வயிற்றால் அழுத்திக்கொண்டே கீழே தளர்த்துவதைப் பழகுகிறீர்கள். வாரக்கணக்கில் சில அமர்வுகள் ஆகும், வீட்டிலும் பழக வேண்டும். முறையாகச் செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பலன் கிடைக்கிறது. இதே பிரச்சினை உள்ளவர்களிடம் இந்தப் பயிற்சியைப் பாலிஎதிலீன் கிளைக்கால் பவுடரோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வில் பயிற்சிதான் முன்னுக்கு வந்தது. மலக்குடல் புடைப்பு இருந்தாலும் முதலில் இதைத்தான் செய்து பார்ப்போம். குழந்தை பெற்ற எத்தனையோ பேருக்குச் சின்னப் புடைப்பு இருக்கும், தொந்தரவே தராது. படத்தில் தெரிகிறது என்பதற்காக மட்டும் யாராவது அறுவை சிகிச்சை சொன்னால், இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேளுங்கள்.

இந்தப் பரிசோதனைகளுக்குக் காத்திருக்கும் நாட்களில் செய்யக்கூடியது: கால்களுக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டூல் போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயரமாக வருமாறு, முன்பக்கம் கொஞ்சம் சாய்ந்து உட்காருங்கள். காலை உணவு முடிந்த அரை மணி நேரத்துக்குள் போங்கள். சாப்பிட்டதும் பெருங்குடல் தானாகவே அசையும் நேரம் அது. பத்து நிமிடத்துக்குள் வரவில்லையா, எழுந்து வந்துவிடுங்கள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து முக்குவதால் கிடைப்பது மூலம்தான்.

குடல் சோம்பேறி ஆகவில்லை

சென்னாவும் பிசகோடிலும் குடலைத் தூண்டும் வகையைச் சேர்ந்தவை. இவற்றைத் தொடர்ந்து எடுத்தால் குடலின் நரம்புகள் செத்துவிடும், குடல் சொந்தமாக வேலை செய்வதை மறந்துவிடும் என்ற பயம் டாக்டர்கள் சிலரிடம்கூட இன்னமும் இருக்கிறது. அது பெரும்பாலும் பழைய காலத்து, இன்று புழக்கத்தில் இல்லாத கடுமையான பேதி மருந்துகளிலிருந்து வந்த பயம். பரிந்துரைக்கப்பட்ட அளவில் எடுக்கும் இன்றைய மருந்துகள் குடலை நிரந்தரமாகச் சேதப்படுத்தியதாக ஆதாரம் இல்லை. சரி, அதற்காக நீங்கள் இப்போது எடுக்கும் விதம் சரி என்று சொல்லமாட்டேன். பிசகோடில் தினமும் எடுத்த நல்ல ஆய்வுகள் நான்கு வாரம் வரைதான் போகின்றன. அதனால் குறுகிய காலத்துக்கு, அல்லது எப்போதாவது கைகொடுக்க என்றுதான் அதை எழுதுகிறோம். இரண்டு தூண்டிகளை வருடக்கணக்கில் ஒன்றாக எடுத்துத் தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தால் உடலில் பொட்டாசியம் குறையும். அதை ஒருமுறை ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள்.

அப்படியானால் மாத்திரை விட்ட மறுநாள் ஏன் போவதில்லை? முந்தின நாள் பெருங்குடல் முழுக்கக் காலியாகிவிட்டது. அது மறுபடி நிரம்ப இரண்டு மூன்று நாள் ஆகும். வெளியே வர உள்ளே எதுவும் இல்லை. அந்த வெறுமையை மலச்சிக்கல் என்று எண்ணி அன்றிரவே அளவைக் கூட்டுகிறீர்கள், மறுபடி காலியாகிறது. பதினொரு வருடத்தில் ஒரு ஸ்பூன் இரண்டாகி, கூடவே இரண்டு மாத்திரை சேர்ந்த கதையில் பாதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தினமும் போயே தீர வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை முதல் வாரத்துக்கு மூன்று தடவை வரை எதுவும் இயல்புதான். போகாவிட்டால் உடம்பில் நஞ்சு ஏறிவிடும் என்று யாராவது சொன்னால் அதையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பெருங்குடலில் மலம் இரண்டு நாள் கூடத் தங்குவதால் எந்த நஞ்சும் ரத்தத்தில் கலப்பதில்லை.

அப்புறம் அந்தக் கறுப்பு. அதன் பெயர் மெலனோசிஸ் கோலை. சென்னா போன்ற மூலிகை மலமிளக்கிகளைப் பல மாதம் எடுப்பவர்களுக்கு வருவது. குடலின் உள்தோல் செல்கள் சில சீக்கிரம் அழிந்து, அவற்றின் மிச்சத்தை அங்கே இருக்கும் துப்புரவுச் செல்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்த நிறம்தான் கேமராவில் தெரிகிறது. புற்றுநோய் இல்லை. புற்றுநோயின் தொடக்கமும் இல்லை. சென்னாவை நிறுத்தினால் மாதங்கள் போகப்போகத் தானாக மங்கிவிடும். கொலோனோஸ்கோப்பியில் வேறு எதுவும் இல்லை என்பது உங்களுக்குக் கிடைத்த நல்ல செய்தி, அதை ரிப்போர்ட்டின் அந்த ஒற்றை வரி மறைத்துவிட்டது.

இன்னொன்றும் கவனியுங்கள். மூலிகை என்பதால் சென்னாவை நீங்கள் மருந்தாகவே கணக்கில் எடுக்கவில்லை; டாக்டரிடம் சொன்ன பட்டியலிலும் அது இருந்திருக்காது என்று ஊகிக்கிறேன். சென்னா நல்ல, வேகமான மருந்து. மருந்து என்பதால்தான் வேலை செய்கிறது.

வேறு என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள்?

ஒற்றைத் தலைவலிக்கு எடுக்கும் அமிட்ரிப்டிலின், குடலின் அசைவை மந்தமாக்கும் மருந்துகளில் ஒன்று. இரும்புச்சத்து மாத்திரை பலருக்கு மலத்தைக் கட்டும். இந்த இரண்டையும் மாற்றாமல் மேலே மேலே மலமிளக்கியைக் கூட்டுவது, ஒரு கையால் பிரேக்கைப் பிடித்தபடி மறுகையால் தள்ளுகிற வேலை. அமிட்ரிப்டிலினை நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து அது. தலைவலி பார்க்கும் டாக்டரிடம் மலச்சிக்கலைச் சொல்லி, மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள். தலைவலிக்கான வேறு சில மருந்துகளும், குறிப்பாக வெராபமில் மாத்திரையும் எரெனுமாப் ஊசியும், மலச்சிக்கல் உண்டாக்கக்கூடியவை. அதனால் பெயரைக் கேட்டுக்கொண்டே மாற்றுங்கள். இரும்புச்சத்தைத் தினமும் எடுக்காமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாமா என்பதும் கேட்கத் தக்க கேள்வி.

தைராய்டு, ரத்த கால்சியம், சர்க்கரை மூன்றையும் ஒருமுறை பார்ப்பது வழக்கம். தைராய்டு சுரப்பு குறைந்திருந்தால் குடலும் மந்தமாகத்தான் இருக்கும்.

மருந்துச்சீட்டு மருந்துகள், நிதானமாக

இரண்டு மருந்துகளும் தோற்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் இரண்டுக்கும் இன்னும் சரியான வாய்ப்பே தரவில்லை.

பாலிஎதிலீன் கிளைக்கால் பவுடரைப் பெரியவர்களுக்கு வழக்கமாக ஒரு நாளைக்கு 17 கிராம் வரை, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து தருவோம். அது ரத்தத்தில் சேர்வதில்லை என்றே சொல்லலாம். குடலுக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்குகிறது. பிசகோடில் மாதிரி மறுநாள் காலையே அலாரம் அடிக்காது. இரண்டு மூன்று நாள் ஆகலாம், சிலருக்கு ஒரு வாரம்கூட. அரை சாஷே மூன்று நாள் என்பது பரீட்சைக்குப் போய்ப் பாதியில் எழுந்து வந்த கதை. அமெரிக்காவின் இரண்டு குடல்நோய் மருத்துவச் சங்கங்கள் 2023-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட மலச்சிக்கலுக்கு இந்தப் பவுடரை உறுதியாகப் பரிந்துரைக்கிறது; ஆறு மாதம்வரை பலன் நீடிப்பதையும் சொல்கிறது. உங்கள் டாக்டரிடம் நான் சொல்லக்கூடிய திட்டம் இது: சென்னாவை நிறுத்திவிட்டு, இந்தப் பவுடரைத் தினமும், விடாமல், குறைந்தது இரண்டு வாரம் எடுப்பது. தொடர்ந்து மூன்று நாள் போகாவிட்டால் மட்டும் ஒரு இரவு பிசகோடில். தண்ணீராகப் போனால் பவுடரின் அளவைக் குறைத்துக்கொள்வது. சில இடங்களில் இதைச் சீட்டில்லாமலே தருகிறார்கள் என்பதால் லேசான மருந்து என்று நினைத்துவிட வேண்டாம்.

லினாக்ளோடைடு அடுத்த படி. இது குடல் சுவரைத் தண்ணீரும் உப்பும் சுரக்க வைக்கிறது, வயிற்றுவலியையும் குறைக்கிறது. 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. இதன் முக்கியப் பக்கவிளைவே வயிற்றுப்போக்குதான். அது ஒவ்வாமை இல்லை, மருந்து தன் வேலையை அளவுக்கு மீறிச் செய்தது. நீங்கள் எடுத்த விதத்தில் அது மீறாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். வெறும் வயிற்றில், அன்றைய முதல் சாப்பாட்டுக்குக் குறைந்தது அரை மணி நேரம் முன்பு எடுக்க வேண்டிய கேப்சூல் இது. கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு எடுத்தால் போக்கு கூடும். நீங்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, மேலே சென்னாவும் பிசகோடிலும் சேர்த்து எடுத்திருக்கிறீர்கள். மறுபடி முயல்வதானால் காலையில், அது மட்டும், டாக்டர் ஒத்துக்கொண்டால் குறைந்த அளவில். மலச்சிக்கலுக்கு 72 மைக்ரோகிராம், 145 மைக்ரோகிராம் என இரண்டு அளவுகள் பயன்பாட்டில் இருக்கின்றன. எல்லா இடத்திலும் எல்லா அளவும் கிடைக்காது. பாட்டிலில் வருவதானால் அந்தப் பாட்டிலிலேயே, உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைத்திருங்கள். ஈரம் பட்டால் கெட்டுவிடும் மருந்து என்பதால், எல்லாவற்றையும் கொட்டி வைத்திருக்கும் அந்த டப்பா இதற்கு ஆகாது. நான்கு வாரத்தில் பலன் தெரியவில்லை என்றால் டாக்டரிடம் திரும்பிப் போங்கள்.

பிளெக்கனடைடு கிட்டத்தட்ட இதே வழியில் வேலை செய்வது, உணவோடும் எடுக்கலாம். லூபிப்ரோஸ்டோனும் சுரப்பைக் கூட்டும் மருந்து, குமட்டல் அதிகம், அதனால் உணவோடு எடுக்க வேண்டும். 2023 வழிகாட்டுதலில் இதற்கான பரிந்துரை அவ்வளவு உறுதியானது இல்லை.

ப்ருகலோப்ரைடு வேறு ஜாதி. இது குடலின் செரோடோனின் ஏற்பியைத் தூண்டி, பெருங்குடலை நகரச் செய்கிறது. மெதுவாக நகரும் குடலுக்கு நல்ல மருந்து. இதே குடும்பத்தில் முன்பு வந்த சிசாப்ரைடு இதயத் துடிப்பைக் குழப்பியதால் 2000-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அந்தக் கெட்ட பெயர் ப்ருகலோப்ரைடு மேலும் விழுந்து, ஐரோப்பாவில் 2009-இலேயே வந்த மருந்துக்கு அமெரிக்காவில் 2018-இல்தான் அனுமதி கிடைத்தது. இதயத்தைப் பொறுத்தவரை அந்தப் பழைய ஆபத்து இதில் காணப்படவில்லை. ஆனால் உங்களுக்கு இதை எழுதுமுன் நான் இரண்டு முறை யோசிப்பேன். காரணம், தலைவலிதான் இதன் அடிக்கடி வரும் பக்கவிளைவு. பெரும்பாலும் முதல் ஓரிரு நாளில் அடங்கிவிடும். ஆனாலும் ஏற்கெனவே ஒற்றைத் தலைவலி இருக்கிறவர் முன்கூட்டியே தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். மனச்சோர்வு இருந்தாலோ, எடுக்கத் தொடங்கியபின் மனநிலை மோசமானாலோ, தற்கொலை எண்ணம் தலைகாட்டினாலோ மருந்தை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சிறுநீரகம் மிகவும் பலவீனமாக இருந்தால் அளவு பாதியாகக் குறையும்.

நார்ச்சத்தும் தண்ணீரும் பற்றிச் சுருக்கமாக. குடிக்கும் தண்ணீரைக் கூட்டுவது, நீங்கள் குறைவாகக் குடிப்பவராக இருந்தால் மட்டும் உதவும். மிச்சம் சிறுநீராகத்தான் போகும். இசப்கோல் உமி நல்லது, சிறுகச் சிறுகக் கூட்டினால். ஆனால் வெளியேற்றுவதில் தடை இருப்பவருக்கு நாரை அள்ளி அள்ளிப் போட்டால் உப்புசம்தான் மிஞ்சும்.

ஆயுளுக்கும் விட முடியாதா?

இந்த மருந்துகள் போதைப் பழக்கம் உண்டாக்குபவை இல்லை. லினாக்ளோடைடை நிறுத்திப் பார்த்த ஆய்வில், ஒரு வாரத்துக்குள் நோயாளிகள் பழைய நிலைக்குத் திரும்பினார்கள், பழையதைவிட மோசமாகவில்லை. அதாவது மருந்து நோயைக் குணப்படுத்தவில்லை, எடுக்கும்வரை அடக்கி வைத்திருந்தது. ரத்த அழுத்த மாத்திரையும் அப்படித்தான். அதை யாரும் அலமாரியில் ஒளித்து வைப்பதில்லை. உங்கள் விஷயத்தில் இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. தசைப் பயிற்சி பலித்து, அமிட்ரிப்டிலினும் மாறினால், மருந்தே தேவைப்படாமல் போகலாம், அல்லது பவுடர் மட்டும் போதும் என்ற நிலைக்கு வரலாம். வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். சிலருக்குக் குடலும் மெதுவாக இருக்கும், தசையும் ஒத்துழைக்காது. அவர்களுக்கு இரண்டு சிகிச்சையும் வேண்டியிருக்கும்.

வீட்டில் யாரிடம் சொல்வது, சொல்லாமல் இருப்பது உங்கள் விருப்பம். டாக்டரிடம் மட்டும் எதையும் மறைக்க வேண்டாம். போகும்போது சென்னா பொடி உட்பட எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்த இரண்டு வரியை ஒரு காகிதத்தில் எழுதி நீட்டுங்கள். கர்ப்பத்துக்கு வாய்ப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள். மேலே சொன்ன மருந்துகளில் சிலவற்றை அப்போது தவிர்ப்போம்.

காத்திருக்கக் கூடாதவை

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை கூடுவது, மலம் போகும் வழக்கம் திடீரென்று மாறுவது: இவற்றில் எது வந்தாலும், போன வருடம்தானே கொலோனோஸ்கோப்பி எடுத்தோம் என்று இருந்துவிடாமல் டாக்டரைப் பாருங்கள். உங்கள் ரத்தசோகைக்கு மாதவிடாய்ப் போக்குதான் காரணமா, வேறு ஏதாவதா என்று யாராவது முறையாகப் பார்த்தார்களா என்பதும் கடிதத்தில் இல்லை, அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் இருந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

வயிறு கல்லாக உப்பி, வலி விட்டுவிட்டு முறுக்கி, வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அந்த நேரத்தில் பவுடர், கேப்சூல், இனிமா எதையும் தொடாமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.